பேருந்து மெதுவாகச் செல்வதுதான் குறையா? நீங்களே அளந்து பார்க்கும் முறை

உங்கள் தடத்தில் பேருந்து ஊர்ந்து செல்கிறது என்று மனு எழுதுவதற்கு முன், நேரம் உண்மையில் எங்கே கரைகிறது என்பதை அளந்துவிடுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பியது, நிறுத்தத்தை அடைந்தது, வண்டியில் ஏறியது, இறங்கியது, போய்ச் சேர்ந்தது ஆகிய ஐந்து நேரங்களையும் ஒரு வாரம் குறித்து வந்தால் போதும். வண்டியின் வேகம் இவற்றில் ஏறியதற்கும் இறங்கியதற்கும் இடைப்பட்ட பகுதியை மட்டுமே நேரடியாக மாற்றும்.

5 கிலோமீட்டர் பயணத்தை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு 15 நிமிடம் ஆகும். வேகத்தை 25 ஆகக் கூட்டினால் 12 நிமிடம். மிச்சம் 3 நிமிடம்தான். மாறாக, 20 நிமிடத்துக்கு ஒரு முறை வரும் வண்டி 10 நிமிடத்துக்கு ஒரு முறை வந்தால், கால அட்டவணை பாராமல் நிறுத்தத்துக்கு வருபவரின் சராசரிக் காத்திருப்பு 10 நிமிடத்திலிருந்து 5 ஆகக் குறைகிறது.

அடுத்து, நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தத்தில் நின்று வண்டிகள் வரும் நேரத்தை எழுதுங்கள். சற்றுச் சலிப்பான வேலைதான், ஆனால் இதில்தான் விஷயம் இருக்கிறது. 8.00, 8.01, 8.20, 8.21, 8.40, 8.41 என்று வந்தால், மணிக்கு ஆறு வண்டிகள் என்பது ஏட்டளவில் சரி. ஆனால் பயணியின் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம் அன்று, ஏறத்தாழ 9 நிமிடம். முதல் வண்டி சிறிது தாமதித்தால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் கூடுகிறது, ஏற்றி முடிக்க மேலும் தாமதமாகிறது, பின்னால் வருவது பாதி காலியாக அதை எட்டிப் பிடித்துவிடுகிறது.

நிறுத்தங்களைக் குறைத்து வேகம் கூட்டலாம் என்ற யோசனை வந்தால், கூடுதலாக 400 மீட்டர் நடக்க 5 நிமிடம் ஆகும் என்பதையும், முதியவருக்கு அது இன்னும் நீளும் என்பதையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

வண்டிக்குள் இருக்கும்போது, அது நின்றுகொண்டிருக்கும் நேரத்தைத் தனியாகக் குறியுங்கள். அது கணிசமாக இருந்தால் சாலையில் பேருந்துக்கென்றே தனித்தடம், சிக்னலில் முன்னுரிமை, ஏறுமுன் பயணச்சீட்டு, எல்லாக் கதவுகளிலும் ஏறும் வசதி ஆகியவற்றைக் கேளுங்கள். வேகம் பெரிதும் பயன்படுவது இங்கேதான்: சென்று திரும்ப 60 நிமிடமாகும் தடத்தில் ஆறு வண்டிகள் ஓடினால் 10 நிமிடத்துக்கு ஒன்று வரும், அச்சுற்று 48 நிமிடமானால், ஒரு வண்டிகூடக் கூடுதலாக வாங்காமல் 8 நிமிடத்துக்கு ஒன்று வரும்.