மதுரையில் சிங்கிள் பெட்ரூம் வீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

அபார்ட்மென்ட் புதுசு, டைல்ஸ் பளபளப்பு, மாடுலர் கிச்சன் என்றதும் அவசரப்பட்டு அட்வான்ஸை நீட்டிவிடாதீர்கள். மதுரையில் ஒரு வாடகை வீடு நிம்மதி தருமா என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உள்ளே போனதும் பாத்ரூம் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருப்பது நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறதா? உப்பு அதிகமுள்ள போர் தண்ணீர். சோப்பு நுரைக்காது, கீசரிலும் வாஷிங் மெஷினிலும் உப்பு கட்டும். சமையலறைக்கு மாநகராட்சித் தண்ணீர் தனி லைனில் வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுகிறார்கள், சம்ப் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். ஓனரைவிட மேல்மாடியில் குடியிருப்பவர் உள்ளதைச் சொல்வார். "அண்ணே, போன கோடையில லாரித் தண்ணி வாங்குனீங்களா, காசு யாரு குடுத்தா?" என்ற ஒரு கேள்வி போதும்.

அடுத்து, பாத்ரூம் மூலையில் ஒரு குவளை தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் வெளியேறும் ஜாலியை நோக்கி ஓடாமல் தேங்கினால் வாட்டம் சரியில்லை; குடிவந்த பிறகு அதைச் சரிசெய்து தருபவர் அபூர்வம். பாத்ரூம் சுவரின் வெளிப்பக்கத்தில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் பெயின்ட் உப்பியிருந்தால் உள்ளே கசிவு இருக்கிறது. ஏசி வைப்பதாக இருந்தால் அதற்கென்று தனி ஒயரும் எம்.சி.பி.யும் (லோடு கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) மெயின் பாக்ஸிலிருந்து வருகிறதா என்றும் பாருங்கள்.

வீட்டை ஒரே வேளையில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பிற்பகல் 3 மணிக்குப் போனால்தான் மொட்டைமாடிக்குக் கீழுள்ள வீட்டின் சூடும், மேற்குச் சுவரின் அனலும் தெரியும். இரவு 9 மணிக்குப் போனால் தெருவின் குணம் தெரியும். கே.கே. நகர், அண்ணா நகர், எஸ்.எஸ். காலனி எல்லாம் அமைதியான ஏரியாக்கள்தான். ஆனாலும் மெயின் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே, பக்கத்தில் கல்யாண மண்டபம் இல்லாத இடமாகப் பாருங்கள். டி.வி.எஸ். நகரில் ரயில் பாதையை ஒட்டிய தெருவென்றால் சத்தத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் நாட்களில் வண்டி எடுக்க முடியாது; அதற்குத் தயார் என்றால் தாராளமாகப் போகலாம்.

இபி மீட்டர் உங்கள் வீட்டுக்குத் தனியாக இருக்க வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். ஓனரின் மீட்டரிலிருந்தே பிரித்துக் கொடுத்த சப்-மீட்டர் என்றால் அந்தச் சலுகை ஓனர் கணக்கில் போய்விடும். ஓனர் வீட்டு யூனிட்டும் உங்கள் யூனிட்டும் சேர்ந்து 500-ஐத் தாண்டினால் கட்டண விகிதமே ஏறும். சப்-மீட்டர்தான் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை எழுதி வாங்குங்கள். மெயின்டெனன்ஸ் வாடகையில் சேர்ந்ததா, தனியா என்பதையும்தான்.

பேச்சளவில் எதையும் விடாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கி போகத் திருப்பித் தர வேண்டும். கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் பற்றிய வரியை இரண்டு முறை படியுங்கள், 10 மாத அட்வான்ஸ் நுழைவது அங்கேதான். காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பவர்கள் உண்டு. பிடிப்பார்களா, எவ்வளவு என்பதும் ஒப்பந்தத்தில் வரட்டும்.

சாவி வாங்கும் அன்றே ஒவ்வொரு சுவரையும், குழாயையும், மீட்டர் ரீடிங்கையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வாடகையை வங்கி வழியாகவே கொடுங்கள். வருட வாடகை 1 லட்சத்தைத் தாண்டி, நீங்கள் வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கோருவதாக இருந்தால் ஓனரின் பான் எண் தேவைப்படும். அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பேரம் பேச நல்ல காலம் ஆடியும் மார்கழியும். அந்த மாதங்களில் குடிபோக ஆளில்லாமல் வீடுகள் பூட்டிக் கிடக்கும். அப்போதே பேசி முடித்து, ஆவணியிலோ தையிலோ பால் காய்ச்சிக்கொள்கிறேன் என்றால் வாடகையில் கொஞ்சம் குறைக்க ஓனர்களும் இறங்கி வருவார்கள்.