தடைக்காலத்தில் தொடங்கிய நோட்டு: படித்த நாவலைப் பற்றி எழுதப் பழகுவது எப்படி?

ஏப்ரல் 15 வந்துவிட்டால் எங்கள் பாம்பனில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எஞ்சின் பார்ப்பது, வலை பொத்துவது, படகுக்குப் பெயிண்ட் அடிப்பது என்று ஆண்களுக்கு வேலை இருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் விடியற்காலைப் பரபரப்பு அடங்கிவிடும். அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் நான் நூலக அட்டை எடுத்தேன். அடுத்த தடைக்காலத்தில் நோட்டு போட்டேன். இப்போது நாலாவது நோட்டு ஓடுகிறது.

"நாவல் படிக்கிறேன், பிடிக்கிறது, ஆனால் எழுத உட்கார்ந்தால் கதைச்சுருக்கம்தான் வருகிறது" என்று பலர் சொல்கிறார்கள். எனக்கும் முதல் பத்து குறிப்புகள் அப்படித்தான் வந்தன. அதிலிருந்து வெளியே வந்த வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: நோட்டும் பேனாவும்

192 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று போதும். பேனா மட்டும் பால் பாயிண்ட்டாக இருக்கட்டும். இது கடற்கரைக்காரர்களுக்கான அறிவுரை. என் முதல் நோட்டை மைப் பேனாவில் எழுதினேன். ஐப்பசி மழையில் ஜன்னலோரம் நனைந்து ஒன்பது நாவல்களின் குறிப்பு நீலக் கறையாகிவிட்டது. பக்க அடையாளத்துக்குப் பனை ஓலையை விரல் அகலத்துக்குக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். நூலகப் புத்தகத்தின் ஓரத்தை மடிக்கவே கூடாது.

படி 2: முதல் நாவலைத் தேர்ந்தெடுப்பது

பெரிய நாவலில் தொடங்க வேண்டாம். 200 பக்கத்துக்குள் ஒன்றை எடுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த தொழிலோ ஊரோ வருகிற கதையாக இருந்தால் எழுதுவதற்கு விஷயம் தானாகக் கிடைக்கும். நான் தொழிலைப் பார்த்து எடுத்தது தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்'. மலையாளத்தில் 1956இல் வந்தது; தமிழில் சுந்தர ராமசாமி மொழிபெயர்த்தார். கடலும் மீனும் படகும்தானே, நமக்குத் தெரியாததா என்று எடுத்தேன்.

படி 3: படிக்கும்போது மூன்றே குறி

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பக்க எண்ணையும் அதன் பக்கத்தில் ஒரு குறியையும் மட்டும் போடுங்கள். நின்று மறுபடி படித்த இடத்துக்கு ஒரு புள்ளி. "இது இப்படி நடக்காதே" என்று தோன்றிய இடத்துக்கு ஒரு பெருக்கல் குறி. உங்கள் வீட்டு ஆள் யாரையாவது நினைவுபடுத்திய இடத்துக்கு ஒரு வட்டம். அங்கேயே விளக்கம் எழுதத் தொடங்கினால் கதை கையை விட்டுப் போய்விடும்.

முடிக்கும்போது வட்டங்களை எண்ணிப் பாருங்கள். வட்டமே இல்லாத நாவல் மோசமான நாவல் என்று அர்த்தமில்லை. அதைப் பற்றி இப்போதைக்கு எழுத வேண்டாம், அவ்வளவுதான்.

படி 4: புத்தகத்தை மூடிவிட்டு எழுதுவது

இந்தப் படியில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாவலை முடித்த அன்றைக்கு எழுதாதீர்கள். ஒரு ராத்திரி போகட்டும். மறுநாள் புத்தகத்தைத் திறக்காமல், மனத்தில் முதலில் வந்து நிற்கிற காட்சியை எழுதுங்கள். கதையின் தொடக்கத்திலிருந்து போக வேண்டிய அவசியம் இல்லை.

'செம்மீன்' பற்றி நான் முதலில் எழுதியது இது: "கறுத்தம்மா என்ற மீனவப் பெண்ணும் பரீக்குட்டி என்ற வியாபாரியும் காதலிக்கிறார்கள். சமூகம் அதை ஏற்கவில்லை. மிகவும் உருக்கமான நாவல்." இதைப் படித்த என் தங்கை, "சரி, இதில் நீ எங்கே?" என்று கேட்டாள். அது சரியான கேள்வி. படிக்காதவர்கள்கூட யாரிடமாவது கேட்டு இந்த மூன்று வரியை எழுதிவிடலாம்.

மறுபடி உட்கார்ந்தேன். மனத்தில் நின்றது காதல் காட்சி இல்லை. கரையில் இருக்கும் மனைவி ஒழுக்கமாக இருந்தால்தான் கடலுக்குப் போன கணவன் உயிரோடு திரும்புவான் என்று அந்த நாவலின் மனிதர்கள் நம்புகிறார்களே, அதுதான். இரண்டாவது முறை இப்படி எழுதினேன்:

"காற்று மாறிய ராத்திரிகளில் அம்மா தூங்கியதில்லை. வாசலில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பாள். அப்பா திரும்பியதும் ஒரு வார்த்தையும் பேசாமல் சோற்றை எடுத்து வைப்பாள். படகு கவிழ்ந்தால் அந்தப் பழியும் இந்தப் பெண்ணின் தலையில் விழும் என்றால், அவள் எப்படி அந்த ராத்திரியைத் தாண்டுவாள்? கறுத்தம்மாவுக்குக் கிடைத்த ராத்திரி அது."

ஐந்தே வரி. கதைச்சுருக்கம் கிடையாது. ஆனால் நாவலின் முக்கியமான முடிச்சு இதில் இருக்கிறது, எங்கள் வாசலும் இருக்கிறது. நீங்கள் எழுதியதிலும் இந்த இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றால் இன்னொரு முறை எழுதுங்கள்.

படி 5: வகைக்கு ஏற்ற கேள்வி

எல்லா நாவலையும் ஒரே கேள்வியோடு அணுகினால் குறிப்புகள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும்.

துப்பறியும் நாவலா? முக்கால் பாகம் வந்ததும் புத்தகத்தை மூடி, யார் மேல் சந்தேகம், ஏன் என்று எழுதிவிடுங்கள். முடித்த பிறகு அதைப் பாருங்கள். ஆசிரியர் உங்களை எந்த இடத்தில் திசை திருப்பினார் என்பதுதான் உங்கள் குறிப்பு. குற்றவாளியின் பெயரை மட்டும் எழுதாதீர்கள், அடுத்துப் படிப்பவர் பாவம்.

சரித்திர நாவலென்றால் அது எந்த வடிவத்தில் முதலில் வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்தது. இது தெரிந்த பிறகு அத்தியாயங்களின் கடைசிப் பத்திகளை மட்டும் வரிசையாகப் புரட்டிப் பார்த்தேன். ஒரு வாரம் காத்திருந்த வாசகரை அடுத்த வாரத்துக்கும் காத்திருக்க வைக்கிற சாமர்த்தியம் அங்கே இருக்கிறது. அதைப் பற்றி மட்டுமே இரண்டு பக்கம் எழுதினேன்.

அறிவியல் கதையிலும் மாயக் கதையிலும், நம் உலகத்தின் எந்த விதியை ஆசிரியர் மாற்றினார், அதைக் கடைசிவரை காப்பாற்றினாரா என்று கேட்டால் போதும். குடும்ப நாவலில், யாருக்குப் பேச்சே கொடுக்கப்படவில்லை என்று பாருங்கள்.

கடல் வருகிற நாவலுக்கு நான் வைத்திருக்கும் கேள்வி, என்ன காற்று அடிக்கிறது என்பது. பாம்பனில் இரண்டு பக்கமும் கடல். வாடைக்காற்றில் வடகடல் எழும்பும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் தென்கடல் எழும்பும். கடலை வெறும் நீலமாகவும் அலையாகவும் மட்டும் எழுதியிருந்தால் எனக்கு மனம் ஒட்டாது.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' எனக்கு ஒட்டியது. அவர் பிறந்த சிங்கம்புணரி அன்றைக்கு இராமநாதபுரம் மாவட்டம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை சுமத்ரா தீவின் மெடான் நகருக்குள் நுழைவதில் நாவல் தொடங்குகிறது. மெடானில் நடக்கும் கதாநாயகன் பாண்டியனின் மனத்தில் மதுரைத் தெருக்கள் வந்துகொண்டே இருக்கும். முதல் வாசிப்பில் எனக்குத் தலை சுற்றியது. இரண்டாம் முறை சுமத்ரா, பினாங்கு இருக்கும் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன், வழி கிடைத்தது. அந்தத் தோணி புயலில் மாட்டும் பகுதியை அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோது அப்பத்தா சின்னப் பெண். பாதியில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "ம், படி" என்றார். என் குறிப்பில் இந்த இரண்டு அசைவுகளைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். புயலைப் பற்றி அதற்கு மேல் எழுதத் தோன்றவில்லை.

படி 6: பிடிக்காத நாவல்

50 பக்கம் வரை போங்கள். அதற்குள் பிடிக்கவில்லையென்றால் நிறுத்திவிடலாம். ஆனால் எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், எந்த வரியில் மனம் விலகியது என்று எழுதுங்கள். "போரடிக்கிறது" என்று மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது உங்களுக்கே ஒன்றும் புரியாது. ஒருவர் நாலைந்து வருடம் உழைத்து எழுதியதை வேண்டாம் என்கிறோம். காரணம் சொல்கிற கடமை நமக்கு உண்டு.

படி 7: வாய்விட்டுப் படித்து, வெட்டுவது

எழுதியதை வீட்டில் யாருக்காவது படித்துக் காட்டுங்கள். உங்களுக்கே படிக்கத் திக்குகிற வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். "அருமை", "அற்புதம்", "மனதைத் தொட்டது" என்ற மூன்றையும் அடித்துவிடுங்கள். அடித்த இடத்தில் எது அருமை என்று எழுத வேண்டிவரும், அப்போது குறிப்பு தானாக நீளும்.

படி 8: எதிர்ப்பக்கத்தைக் காலியாக விடுவது

ஒவ்வொரு குறிப்பும் இடப்பக்கத்தில் மட்டும் இருக்கட்டும். வலப்பக்கம் பிறகு வரப்போகும் எண்ணங்களுக்கு. ஒரு வருடம் கழித்து மறுபடி படித்து, தேதி போட்டு, அங்கே எழுதுங்கள். வேறொருவர் எழுதினாலும் சரி.

'செம்மீன்' குறிப்புக்கு எதிர்ப்பக்கம் ரொம்ப நாள் காலியாக இருந்தது. அம்மா புத்தகத்தை வாங்கிப் படித்தாள், மதியச் சமையல் முடிந்த நேரங்களில், பதினெட்டு நாள். கறுத்தம்மாவின் அப்பா செம்பன்குஞ்ஞு, படகும் வலையும் வாங்க அந்தப் பரீக்குட்டியிடமே கடன் வாங்குவார். நான் அதை வேகமாகக் கடந்து போயிருந்தேன். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு வீட்டில் எத்தனை பேச்சு ஓடும் என்று அம்மாவுக்குத் தெரியும். பென்சிலில், பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாள்: "நீ காதலைப் பார்த்தாய். எனக்குக் கடன்தான் தெரிந்தது. பாவம் அந்தப் பையன், கொடுத்த பணத்தைக் கேட்கக்கூட அவனுக்கு வாய் வரவில்லை."