பினாங்குல கடக்காத்து எப்ப உள்ள வருதுன்னு தெர்மாமீட்டர் வச்சு பிடிக்கிறது எப்படி

மார்ச் கடைசி ஏப்ரல் வந்துட்டா இங்க எல்லாரும் கேக்குற ஒரே கேள்வி இன்னைக்கு எத்தன டிகிரிங்கிறதுதான். ஃபோன்ல பாத்தா 33ன்னு காட்டும், தீவுக்கு எதிர்ல, கடல விட்டு உள்ள தள்ளி இருக்குற புக்கிட் மெர்தாஜாம்ல இருக்குற எங்க அக்கா ஃபோன் போட்டு "இங்க 36 காட்டுதுடா, துணி காயப் போடக்கூட வெளிய போக முடியல"ன்னு சொல்லும், நான் தஞ்சோங் தோக்கோங்ல கடலப் பாத்த ஃப்ளாட்ல 31ல உக்காந்திருப்பேன். மூணு நம்பருமே சரிதான். கடக்காத்து, அதாவது கடல்ல இருந்து தரைக்கு வர்ற காத்து, எந்த இடத்துக்கு எத்தன மணிக்கு போய் சேந்துச்சுங்கிறதுதான் வித்தியாசம், அத வீட்டுலயே கண்டுபிடிக்கலாம், அதுக்குத்தான் இத எழுதுறேன்.

விஷயம் இதுதான். காலைல வெயில் ஏற ஏற தாரு ரோடு, சிங்க் கூரை, மண்ணு எல்லாம் சீக்கிரம் சூடாகும், கடலு ஆகாது, அது நாள் முழுக்க 29, 30 டிகிரிலயே கெடக்கும். தரை மேல இருக்குற காத்து சூடாகி மேல போகுது, அந்த எடத்துக்கு கடல்ல இருந்து காத்து உள்ள வருது. பொதுவா காலைல பத்து பதினொரு மணிக்கு மேல லேசா ஆரம்பிக்கும், மத்தியானம் பலமாகும், ராத்திரி அப்படியே திரும்பி தரைல இருந்து கடலுக்குப் போகும். மழைக்காத்து சீசன் மாறுற இந்த நேரத்துல பெரிய காத்து எதுவும் இல்லாததால கடக்காத்து ரொம்ப தெளிவா தெரியும், பழகுறதுக்கு இதவிட நல்ல நேரம் கிடையாது.

மொதல்ல தெர்மாமீட்டர எங்க வைக்கிறதுன்னு பாப்போம், ஏன்னா இதுலதான் முக்காவாசி பேர் தப்பு பண்றாங்க. நானும் ஒரு வருஷம் பால்கனி செவுத்துல ஆணி அடிச்சு மாட்டி வச்சேன், தெனம் 38, 39ன்னு காட்டுச்சு, அப்புறம்தான் தெரிஞ்சது அது காத்தோட சூடே இல்ல, காலைல இருந்து வெயில் குடிச்ச சிமெண்ட் செவுரோட சூடு. கீழ் வீட்டு ஏர்கோன் கம்ப்ரஸர் வேற நேரா மேல ஊதிக்கிட்டு இருந்துச்சு. வானிலை நிலையத்துல தெர்மாமீட்டர பலகை சட்டம் வச்ச வெள்ளப் பெட்டிக்குள்ள, தரைல இருந்து ஒன்னேகால்ல இருந்து ரெண்டு மீட்டர் உயரத்துல வைப்பாங்க, வெயில் படக்கூடாது ஆனா காத்து தாராளமா போகணும். நம்ம வீட்டுல அதுக்கு பூச்சட்டிக்கு அடில வைக்கிற வெள்ள பிளாஸ்டிக் தட்டு ஆறு ஏழு வாங்குங்க, சில வெள்ளிதான் (ரிங்கிட்) ஆகும். மேல் தட்ட முழுசா விட்டுட்டு மத்ததுல நடுவுல ஓட்ட போட்டு, கவுத்து, ரெண்டு விரல் இடைவெளி விட்டு நீள ஸ்க்ரூல அடுக்கி, நடுவுல சென்சார தொங்க விடுங்க. செவுத்துல இருந்து முடிஞ்ச அளவு தள்ளி வைங்க. ஈரப்பதமும் காட்டுற டிஜிட்டல் மீட்டரா இருந்தா ரொம்ப நல்லது, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

பக்கத்துலயே ஒரு ரிப்பன் கட்டுங்க. காத்து எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு தெரியாம வெறும் டிகிரிய எழுதுனா பாதி கதைதான் கெடைக்கும்.

எப்ப எழுதணும்னா காலைல ஒன்பதுல இருந்து சாயந்தரம் ஆறு வரைக்கும் அரை மணிக்கு ஒரு தடவ: நேரம், டிகிரி, ஈரப்பதம், காத்து திசை, மேகம். இதுல நம்ம ஊரு கடிகாரத்தப் பத்தி ஒன்னு மனசுல வச்சுக்கணும். 1982 ஜனவரி 1ல தீபகற்ப மலேசியாவுல கடிகாரத்த அரை மணி நேரம் முன்னுக்கு தள்ளுனாங்க, அதனால பினாங்குல சூரியன் உச்சிக்கு வர்றது 12 மணிக்கு இல்ல, இந்த மாசங்கள்ல கிட்டத்தட்ட 1:20, 1:25க்கு. ஏப்ரல் மொத வாரத்துல அது நம்ம உச்சந்தலைக்கே நேரா நிக்கும். கடக்காத்து வராத எடத்துல சூடு அதுக்கப்புறமும் ஏறி மூணு நாலு மணிக்குத்தான் உச்சம் தொடும். உங்க நோட்டுல உச்சம் ஒரு மணிக்கே முடிஞ்சு, மழையோ பெரிய மேகமோ இல்லாம அதுக்கப்புறம் ஏறவே இல்லன்னா, கடக்காத்து வந்து மூடிபோட்டுருச்சுன்னு அர்த்தம்.

போன ஏப்ரல்ல ஒரு நாள் எழுதினத அப்படியே சொல்றேன். 12:30க்கு 33.4, ரிப்பன் தொங்குது, அசையல. ஒரு மணிக்கு 33.9, ஈரப்பதம் 57. 1:10 இருக்கும், கீழ தென்னமரத்து ஓலை எல்லாம் ஒரே பக்கமா திரும்புச்சு, ரிப்பன் கடல் பக்கம் இருந்து உள்ள பறக்குது, உப்பு வாசம் வந்துச்சு. 1:30க்கு 32.1, ஈரப்பதம் 67. அதுக்கப்புறம் சாயந்தரம் வரைக்கும் 32ஐ தாண்டவே இல்ல. அன்னைக்கு அக்கா வீட்டுல நாலு மணிக்கு 35.8, அங்க காத்து நாலே காலுக்கு மேலதான் வந்துச்சாம். உள்ள போகப் போக அது லேட்டாத்தான் வரும், வழியெல்லாம் சூடான தரை மேல வர்றதால குளிர்ச்சியும் கொறஞ்சு போகும்.

ஆக மூணும் சேந்து வரணும்: காத்து திசை கடல் பக்கம் திரும்பணும், டிகிரி இறங்கணும் இல்ல ஏறாம நிக்கணும், ஈரப்பதம் கூடணும். டிகிரி மட்டும் இறங்குனா அது வெறும் மேக நிழலா இருக்கலாம். சடார்னு நாலஞ்சு டிகிரி விழுந்து காத்து மலைப் பக்கம் இருந்து அடிச்சா அது பக்கத்துல எங்கயோ பெய்ற இடிமழையோட குளிர்காத்து, கடக்காத்து இல்ல. நம்ம தீவுல எல்லாப் பக்கமும் கடல்தான், அதனால கொடிமலை (பினாங்கு ஹில்) மேல மத்தியானம் மேகம் குவிய ஆரம்பிச்சா நாலு பக்கத்து காத்தும் உள்ள வந்து மேல ஏறுதுன்னு கண்ணாலயே பாக்கலாம்.

ஃபோன்ல வர்ற நம்பரோட ஒப்பிடும்போது அது எந்த எடத்து நம்பர்னு பாருங்க. பினாங்குன்னு போட்டா பெரும்பாலும் பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட்டுதான், அது கடல ஒட்டி இருக்கு, அத வச்சு உள் பக்கம் ஆயர் ஈத்தாம்லயோ கூலிம்லயோ இருக்குறவங்களுக்கு "இன்னைக்கு பரவால்ல"ன்னு சொல்லக்கூடாது. வயசானவங்க, சின்ன புள்ளைங்க உள்ள ஊருல இருந்தா அவங்க எடத்து நம்பர கேளுங்க. மெட் மலேசியா (நாட்டோட வானிலை இலாகா) மாவட்ட வாரியா வெப்ப எச்சரிக்கை விடுறதும் இதனாலதான், 3 நாள் தொடர்ந்து உச்சம் 35ல இருந்து 37க்குள்ள இருந்தா மொத கட்டம். நாட்டோட ரெக்கார்டு 40.1, அது பெர்லிஸ்ல சுப்பிங்ல 1998 ஏப்ரல் 9ல பதிவானது, அதுவும் கடற்கரைல இல்ல, உள் பக்கம்.

இன்னொன்னு, டிகிரி இறங்கிடுச்சுன்னு ஒடம்பு உடனே சொகமாயிடாது. ஈரம் கூடுறதால காத்து படாத ரூமுல 32கூட 34 மாதிரி புழுங்கும். கடல் பக்கத்து ஜன்னலையும் எதிர் பக்கத்து கதவையும் சேத்து தொறந்து விடுங்க, ஒரு பக்கம் மட்டும் தொறந்தா பிரயோஜனம் இல்ல.

நம்ம ஊருல இந்த வித்தியாசம் ரெண்டு மூணு டிகிரி, உள்ளுக்குள்ள போனா நாலஞ்சு. குளிர் நாட்டுல வசந்த காலத்துல இது பயங்கரமா இருக்கும். அக்கா மகன் பாஸ்டன்ல படிக்கிறான், அங்க ஏப்ரல்ல தரை நல்லா சூடாயிடும், கடலு மட்டும் குளிர்காலத்த விடாம சராசரியா 10 டிகிரிக்கு கீழயே இருக்கும். அந்த ஊரு அதிகாரப்பூர்வ நம்பர் எடுக்குற லோகன் ஏர்போர்ட்டு துறைமுகத்து ஓரத்துல இருக்கு, கிழக்கு காத்து திரும்புன ஒடனே அங்க பத்து டிகிரிக்கு மேலகூட விழும், உள்ள இருக்குறவன் டிஷர்ட்டுல திரிவான். நமக்கு கடலே வெதுவெதுப்பா இருக்குறதால அவ்வளவு கெடையாது.

கடல் பக்கத்துல வச்ச சென்சார்ல ரெண்டு மூணு மாசத்துல உப்பு படியும், ஈரப்பதம் எப்பவும் கூடுதலாவே காட்ட ஆரம்பிச்சிரும். மாசம் ஒரு தடவ தட்டுங்கள கழட்டி நல்ல தண்ணில கழுவுங்க, சென்சார மட்டும் நனைக்காம காஞ்ச பிரஷ்ல தட்டி விட்டு, நெழல்ல காய வச்சு மாட்டுங்க.