‘ஏரியா ரேட்’டை நம்பி வீட்டு விலையை எடைபோடாதீர்கள்

“அந்தத் தெருவுல சதுர அடி எட்டாயிரம் போகுது சார்.” சென்னையில் ஃபிளாட் பார்க்கப் போகிறவர்கள் காதில் முதலில் விழுவது இப்படி ஒரு ரேட்தான். அதை வீட்டின் பரப்போடு பெருக்கி, சொன்ன விலை கொஞ்சம் குறைவாக இருந்தால் மலிவு என்று முடிவுகட்டிவிடுகிறோம். இருபது வருடக் கடன் வாங்கிப் போடுகிற பணத்துக்கு இந்த ஒற்றைப் பெருக்கல் போதாது.

எதன் பரப்பு என்று முதலில் கேளுங்கள். 1,000 சதுர அடி என்று சொன்னால் பெரும்பாலும் சூப்பர் பில்டப். மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்த கணக்கு. உள்ளே புழங்கக் கிடைப்பது ஒரு வீட்டில் 700, இன்னொன்றில் 780 என்று மாறும். புதிய திட்டங்களில் கார்பெட் ஏரியாவை, அதாவது உள்ளே புழங்கும் பரப்பைச் சொல்ல வேண்டும் என்கிறது வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம். மறுவிற்பனையில் நீங்களே டேப் பிடித்து அளந்துவிடுவது நல்லது.

இதைவிடப் பெரிய தவறு, யூடிஎஸ் என்கிற பிரிபடாத நிலப்பங்கை, அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்கள் வீட்டுக்கு உரிய பங்கைக் கவனிக்காமல் விடுவது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரே தெருவில் தலா இரண்டு கிரவுண்டில், அதாவது 4,800 சதுர அடியில், இரண்டு கட்டடங்கள். பழையதில் 8 வீடுகள். ஒவ்வொன்றுக்கும் யூடிஎஸ் 600 சதுர அடி. புதியதில் 12 வீடுகள், யூடிஎஸ் 400. இரண்டிலும் வீடு 1,000 சதுர அடி, விலை 80 லட்சம். ரேட் ஒன்றுதான். அங்கே நிலம் சதுர அடி 9,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பழைய வீட்டின் விலையில் 54 லட்சம் நிலத்துக்கு, 26 லட்சம் கட்டடத்துக்கு. புதியதில் நிலம் 36 லட்சம், கட்டடம் 44 லட்சம். கட்டடத்தின் மதிப்பு ஆண்டுதோறும் தேயும். நிலத்துக்கு அந்தத் தேய்மானம் இல்லை. அதற்காகப் பழையதுதான் எப்போதும் சரி என்று சொல்லவில்லை. கம்பி துருப்பிடித்து, லிஃப்டும் இல்லாத கட்டடத்துக்கு 26 லட்சமே அதிகமாக இருக்கலாம். ஒப்பிட வேண்டியது இந்த இரண்டு பகுதிகளையும் தனித்தனியாகத்தான். கிரையப் பத்திரத்தில் யூடிஎஸ் எழுதியிருக்கும். பார்க்காமல் பேரம் பேச உட்காராதீர்கள்.

இணையதள விளம்பரத்தில் இருப்பது விற்பவர் கேட்கும் விலை. விற்ற விலை வேறு. ஒரே வீட்டை நாலு புரோக்கர்கள் போட்டிருந்தால் அது நாலு ஆதாரமாகிவிடாது.

உண்மையில் கைமாறியதைத் தேட, பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில், ஒரு சொத்தின் மீது பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். அதே கட்டடத்தில், பக்கத்து சர்வே எண்ணில் நடந்த கிரையங்களும் கைமாற்றுத் தொகையும் வரும். ஆனால் அந்தத் தொகையை அப்படியே நம்பிவிடவும் கூடாது. தமிழ்நாட்டில் புது ஃபிளாட்டுக்கு நிலப்பங்கை மட்டும் கிரையமாகவும், கட்டடத்தைத் தனிக் கட்டுமான ஒப்பந்தமாகவும் பதியும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அதனால் கிரையத் தொகை முழு வீட்டின் விலையாக இல்லாமல் போகலாம். அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே பத்திரத்தில் எழுதிக்கொண்டவர்களும் உண்டு. மறுவிற்பனைப் பத்திரங்கள் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஓரளவு உண்மை தெரியும்.

வழிகாட்டி மதிப்பே சந்தை விலை என்று எண்ணுவது இன்னொரு தவறு. 2017 ஜூனில் அரசு அதை 33 சதவீதம் குறைத்தது. 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கு ஏற்றியது. அந்த இரண்டு நாட்களிலும் யார் வீட்டின் சந்தை விலையும் ஒரே இரவில் அந்த அளவுக்கு இறங்கவோ ஏறவோ இல்லை. அது முத்திரைத்தாள் கட்டணம் கணக்கிட அரசு வைத்திருக்கும் அளவு.

கடைசியாக, ‘ஏரியா’ என்பதே மிகப் பெரிய சொல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கம் தரைத்தளங்கள் மூழ்கின. அதே பகுதியில் மேடான தெருக்களின் கதை வேறு. இரண்டுக்கும் ஒரே ரேட் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் எதுவரை வந்தது என்று புரோக்கரிடம் கேட்பதைவிட எதிர்வீட்டிலும், முனையில் இருக்கும் மளிகைக்கடையிலும் கேளுங்கள். தெருவின் அகலம், கார் நிறுத்த இடம், சென்னையில் கட்டட அனுமதி தரும் சிஎம்டிஏ ஒப்புக்கொண்ட வரைபடத்துக்கு மேல் கட்டிய மாடி, இவை ஒவ்வொன்றுக்கும் விலையில் கழிக்கவோ கூட்டவோ வேண்டியிருக்கும்.