அங்கன்வாடி மையத்தின் தரத்துக்காக ஊர் கூடிக் கேட்பது எப்படி?

தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. தம் ஊர் மையத்தில் கூரை ஒழுகுவதும் கழிப்பறைக்குத் தண்ணீர் வராததும் பெற்றோருக்குத் தெரியாதவை அல்ல. யாரிடம், எந்த வடிவில் கேட்டால் காரியம் நடக்கும் என்பதில்தான் குழப்பம். மனு எழுதுவோர் பலர் மையத்தின் குறைகளைப் பணியாளரின் குறைகளாக எழுதிவிடுகின்றனர். "மையம் சரியாக நடப்பதில்லை" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், அலுவலகம் பணியாளரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பிவிட்டு, மனுவின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டதாகப் பதிவு செய்துவிடக்கூடும். கூரை ஒழுகிக்கொண்டேதான் இருக்கும்.

ஆகவே முதல் வேலை, பணியாளரோடும் உதவியாளரோடும் உட்கார்ந்து பேசுவதுதான். முன்பருவக் கல்வி, சமையல், எடை பார்த்தல், சத்துமாவு வழங்கல், வீடு வீடாகச் செல்லுதல், குழந்தைகளின் ஊட்டச்சத்து விவரங்களைப் பதியும் போஷன் டிராக்கர் செயலியில் பதிவு ஆகியவை இந்த இருவர் தலையிலேயே விழுகின்றன. பல இடங்களில் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணியும் சேர்ந்துகொள்கிறது. பக்கத்து மையத்தில் பணியிடம் காலியாக இருந்தால் அதன் கூடுதல் பொறுப்பும் இந்தப் பணியாளருக்கே வரும். அந்நாள்களில் பாட்டும் கதையும் நின்றுபோவதற்கு யாரைக் குறை சொல்ல முடியும்? 2025இல் மாநிலம் முழுவதும் 7,783 பணியிடங்களை நிரப்ப அறிவிப்பு வெளியானதிலிருந்தே காலியிடங்கள் எந்த அளவுக்குச் சேர்ந்திருந்தன என்பது விளங்கும்.

அடுத்து, குறைகளைத் தேதியிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். எத்தனை குழந்தைகள் பதிவில் உள்ளனர், எத்தனை பேர் வருகின்றனர், எடைக்கருவி வேலை செய்கிறதா, முட்டை எந்தெந்த நாளில் வந்தது, மழைநாளில் எந்த மூலை நனைகிறது என்று எழுதுங்கள். படம் எடுப்பதானால் சுவரையும் குழாயையும் எடுங்கள். குழந்தைகளின் முகம் வேண்டாம். மனுவில் பணியாளரைக் கையெழுத்திடச் சொல்லவும் கூடாது, ஏனெனில் அதன் விளைவை அவர் ஒருவரே சுமக்க நேரிடும்.

கேட்பது சலுகை அன்று என்பதை மனுவிலேயே காட்டிவிட வேண்டும். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைக்கு அங்கன்வாடி வழியாக வயதுக்கேற்ற உணவை இலவசமாகப் பெறும் உரிமையை அளிக்கிறது. உணவு கிடைக்காவிட்டால் மாவட்டக் குறைதீர் அலுவலரிடமும் அதன்பின் மாநில உணவு ஆணையத்திடமும் முறையிடலாம். மையமே இல்லாத குடியிருப்புகளுக்கு, உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று பிறப்பித்த ஆணை இன்னும் வலுவான துணை: ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் குறைந்தது 40 பேர் உள்ள கிராமப்புறக் குடியிருப்போ குடிசைப்பகுதியோ மையம் கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அமைத்துத்தர வேண்டும் என்று அது கூறுகிறது. அதைப் பயன்படுத்த விரும்புவோர் வீடுவாரியாகக் குழந்தைகளின் வயதைக் கணக்கெடுத்து, அந்தப் பட்டியலை மனுவோடு இணைக்க வேண்டும்.

மனு வட்டார மேற்பார்வையாளர், குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர், மாவட்டத் திட்ட அலுவலர் என்ற வரிசையில் செல்வது நல்லது. அசையாவிட்டால் திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குச் செல்லலாம். ஒவ்வொரு முறையும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது. கட்டடம் தொடர்பான கோரிக்கைக்கு ஊராட்சியை நாடுவதே விரைவான வழி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவந்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு அதன் நகலைக் கேட்டுப் பெறுங்கள். "மையத்தின் மேற்குச் சுவர் விரிசலைப் பொறியாளர் ஆய்வு செய்து, மதிப்பீடு தயாரித்து, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதிக்கு அனுப்ப இச்சபை கோருகிறது" என்பது போல, செய்யவேண்டிய செயலும் செய்யவேண்டியவரும் தெளிவாக இருக்கும் தீர்மானத்தைத் தட்டிக்கழிப்பது கடினம். நகரங்களில், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபையில் இதையே கேட்கலாம்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பித்தால் 30 நாள்களுக்குள் தகவல் தர வேண்டும். "ஏன் பழுது பார்க்கவில்லை?" என்று கேட்பதில் பயனில்லை, ஏனெனில் கோப்பில் உள்ளதைத்தான் தருவார்கள். "எங்கள் மனுவின் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல்", "இவ்வட்டாரத்தில் காலியாக உள்ள பணியிடங்களின் பட்டியல்" என ஆவணங்களைக் கேளுங்கள்.

பணியாளரின் ஊதியத்தைப் பெற்றோர் ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். இங்கு அவர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு. பணியாளருக்கு 7,700 ரூபாயிலும் உதவியாளருக்கு 4,100 ரூபாயிலும் அது தொடங்குகிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு மொழியும் எண்ணும் பழக்குபவருக்கு இது போதாது என்பது என் கருத்து. அனுபவம் பெற்றவர் வேறு வேலை தேடிப் போனால், புதியவரிடம் குழந்தை மறுபடி பழக வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, பணியிலிருந்து விலகும்போது கிடைக்கும் மொத்தத் தொகையான பணிக்கொடையைப் பெற உரிமை உண்டு என உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 25 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. எனவே அவர்களின் சங்கத்திடம் எது முதன்மையான கோரிக்கை என்று கேட்டறிந்து, காலியிடம் நிரப்புதல், பிற துறைப் பணிகளைக் குறைத்தல், பணிக்கொடை ஆகியவற்றுக்குத் தனித் தீர்மானம் நிறைவேற்றலாம். கட்டடத் தீர்மானத்தோடு இதைக் கலக்க வேண்டாம்; இரண்டும் வெவ்வேறு மேசைகளுக்குப் போகவேண்டியவை.