பரிணாமத்தை எண்ணிக் காட்டுங்கள்: பத்தாம் வகுப்புக்கு நான்கு பாடவேளைகள்

பரிணாமப் பாடம் முடிந்த பிறகு ஒரு மாணவரிடம் "ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து ஏன் நீளம்?" என்று கேட்டுப் பாருங்கள். "உயரத்தில் இருக்கும் இலையைத் தின்ன வேண்டியிருந்தது, அதனால் நீண்டது" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பயன்படுத்தப் பயன்படுத்த உறுப்பு வளரும், அந்த வளர்ச்சி பிள்ளைக்கும் போகும் என்று லாமார்க் சொன்னது தவறு என்று அதே மாணவர் தேர்வில் சரியாக எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார்.

தேவை வந்தால் உடம்பு மாறும் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமானது. வரையறையை மனப்பாடம் செய்ய வைத்து அதை அசைக்க முடியாது. பரிணாமத்தில் தனி உயிர் மாறுவதில்லை. கூட்டத்தில் யார் எத்தனை பேர் என்ற கணக்குதான் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. பிள்ளைகள் அதைத் தங்கள் கையால் எண்ணிப் பார்த்தால் மனதில் நிற்கும். அதற்கான வழி இது. ஆய்வகம் வேண்டாம், செலவும் அதிகமில்லை.

தேவையானவை: மரத் துணி கிளிப், சிறிய ட்வீசர் இரண்டும் வகுப்பில் ஆளுக்கு ஒன்று வீதம், அரைக்கிலோ பச்சைப்பயறு, இரண்டு கை புளியங்கொட்டை, காகிதக் கோப்பைகள், ஒரே அளவில் சிவப்பு, வெள்ளைப் பாசிமணிகள், மணிகளைப் போட்டுக் குலுக்கச் சில துணிப்பைகள்.

முதல் படி: அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்

ஒரே ஒரு கேள்வி போதும். "கொசு மருந்து அடித்தும் சில ஊர்களில் கொசு சாவதில்லை. ஏன்?" பெயர் போடாமல் நான்கு வரி எழுதட்டும். திருத்தாதீர்கள், சரி தவறு சொல்லாதீர்கள். தாள்களை வாங்கிப் பத்திரமாக வையுங்கள், கடைசிப் பாடவேளைக்கு வேண்டும். "மருந்துக்குப் பழகிவிட்டது", "எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டது" என்ற பதில்கள்தான் நிறைய இருக்கும்.

இரண்டாம் படி: இயற்கைத் தேர்வு

சூழலுக்கு ஏற்ற பண்புள்ளவை அதிகம் பிழைத்துப் பெருகுவதுதான் இயற்கைத் தேர்வு. இதற்கு ஒரு முழுப் பாடவேளையும் ஒதுக்குங்கள். நான்கில் முக்கியமானது இதுதான்.

முதலில் கதையைச் சொல்லுங்கள். கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னே மேஜர் என்று ஒரு சின்னத் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர்களான கணவன் மனைவி 1973 முதல் பல பத்தாண்டுகள் அங்கே போய், குருவிகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து விட்டார்கள். 1977-ல் மழை பொய்த்தது. மெத்தென்ற சிறு விதைகள் சீக்கிரம் தீர்ந்துபோக, கடினமான பெரிய விதைகளே மிஞ்சின. அதில் முக்கியமானது நம்மூர் நெருஞ்சிக்கு நெருங்கிய உறவான ஒரு செடியின் முள்காய். நெருஞ்சி முள் காலில் குத்திய அனுபவம் பிள்ளைகளுக்கு இருக்கும், அதை ஓர் அலகால் உடைப்பதை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடுத்தர தரைக்குருவி என்ற இனத்தில் சுமார் 85 விழுக்காடு செத்துப்போயின. பிழைத்தவற்றின் அலகு, வறட்சிக்கு முந்தைய சராசரியைவிட ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன் கூடுதல்.

இங்கே நிறுத்திவிட்டு விளையாட்டைத் தொடங்குங்கள். இருபது பேர் என்றால் பத்துப் பேருக்குக் கிளிப் (தடித்த அலகு), பத்துப் பேருக்கு ட்வீசர் (மெல்லிய அலகு). கோப்பைதான் வயிறு. தரையில் விரித்த துணியில் பயறும் புளியங்கொட்டையும் கலந்து கிடக்கட்டும். பயறு ஒன்றுக்கு ஒரு புள்ளி, கொட்டை ஒன்றுக்கு மூன்று. முப்பது விநாடி கொடுங்கள். புள்ளி குறைந்த பத்துப் பேர் இறந்தவர்கள். பிழைத்த பத்துப் பேரும் ஆளுக்கு ஒரு குஞ்சு பொரிக்கிறார்கள்: இறந்தவர்களில் ஒருவர் அந்தக் குஞ்சாகத் திரும்பி வந்து, பெற்றோரிடம் இருந்த அதே கருவியை வாங்கிக்கொள்கிறார். கரும்பலகையில் கிளிப் எத்தனை, ட்வீசர் எத்தனை என்று எழுதுங்கள்.

அடுத்த சுற்று வறட்சி. பயற்றை முழுதாக எடுத்துவிடுங்கள். வழவழப்பான கொட்டை ட்வீசரில் நழுவும். "சார், எனக்கும் கிளிப் கொடுங்க" என்று கட்டாயம் ஒரு குரல் எழும். இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். "குருவி கேட்டால் அலகு மாறுமா?" என்று திருப்பிக் கேளுங்கள். கருவியை மாற்றிக் கொடுக்காதீர்கள். இரண்டு சுற்றில் வகுப்பு முழுக்கக் கிளிப்பாக நிறையும், ஆனால் உயிரோடிருக்கும்போது ஒருவர் கையிலும் கருவி மாறியிருக்காது. இதைப் பிள்ளைகளே வாய்விட்டுச் சொல்லும்வரை காத்திருங்கள்.

மூன்றாம் சுற்றில் மழைக்காலம். பாதிக்குப் பாதியாகக் கருவிகளைப் பிரித்து, பயறு மட்டும் போட்டு ஆடுங்கள். கணக்கு எதிர்ப்பக்கம் சாயும். டாஃப்னேயிலும் இது நடந்தது. 1983-ல் எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) மழையாகக் கொட்டித் தீர்த்த பிறகு சிறு விதைகள் பெருகின, அடுத்து வந்த ஆண்டுகளில் சின்ன அலகுக் குருவிகளே நன்றாகத் தேறின. பரிணாமம் என்றால் முன்னேற்றம் என்ற நினைப்பை உடைக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நேரம் இருந்தால் இன்னொரு சுற்று. வறட்சி விதிதான், ஆனால் இந்த முறை குஞ்சுகள் பெற்றோரின் கருவியை வாங்கக் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எத்தனை ட்வீசர் செத்தாலும் குஞ்சுகளில் இரண்டும் கலந்தே வரும், வகுப்பு முழுக்கக் கிளிப்பாக மாறாது. பண்பு பிள்ளைக்குப் போகாவிட்டால் இயற்கைத் தேர்வு நடந்தும் பரிணாமம் நடக்காது. பாடப்புத்தகத்தில் மரபியல் பாடத்தை அடுத்துப் பரிணாமம் வருவதன் காரணம் இங்கே விளங்கும்.

கிளிப்புகள் ஒரே மாதிரி இருக்காது. முதல் நாளே நீங்கள் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், பயறு கிளிப்பில் சுலபமாகச் சிக்கினால் அதைவிடச் சின்ன தானியமாக மாற்றுங்கள்.

மூன்றாம் படி: சடுதி மாற்றம்

"முதல் தடித்த அலகு எங்கிருந்து வந்தது?" என்று யாராவது கேட்பார்கள், இல்லையென்றால் நீங்கள் கேளுங்கள். மரபணுவைப் படியெடுக்கும்போது நேரும் பிழைகள், அவைதான் சடுதி மாற்றம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பிழை தேவையைப் பார்த்து வருவதில்லை என்பதை எப்படிக் காட்டுவது? அமெரிக்க நுண்ணுயிர் ஆய்வாளர்களான லெடர்பெர்க் தம்பதியர் 1952-ல் வெளியிட்ட சோதனையைப் பலகையில் வரையுங்கள்.

மருந்தே இல்லாத தட்டில் பாக்டீரியா வளர்கிறது. அதன்மேல் வெல்வெட் துணியை மெல்ல அழுத்தி, அதே துணியை மருந்து கலந்த தட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக முத்திரை குத்துவதுபோல ஒற்றுகிறார்கள். மருந்துத் தட்டுகளில் ஒன்றிரண்டு புள்ளிகள் மட்டும் வளர்கின்றன, அதுவும் எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடத்தில். மூலத் தட்டில் அதே இடத்தில் இருந்தவற்றை எடுத்துப் பார்த்தால், மருந்தையே பார்த்திராத அவற்றிடமும் எதிர்ப்பு இருக்கிறது. அதாவது மருந்து வருவதற்கு முன்பே மாற்றம் வந்துவிட்டது. படமாக மட்டும் காட்டுங்கள். பள்ளியில் பாக்டீரியாவையும் ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்து வளர்க்க முயல வேண்டாம்.

நான்காம் படி: மரபணு நகர்வும் மரபணு ஓட்டமும்

இயற்கைத் தேர்வோடு பல ஆசிரியர்கள் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் தற்செயலும் ஒரு கூட்டத்தை மாற்றும் (இதுதான் மரபணு நகர்வு) என்பதைப் பிள்ளைகள் கேள்விப்படாமலே போய்விடுகிறார்கள்.

குழுவுக்கு ஒரு பை, பைக்குள் மூன்று சிவப்பு, மூன்று வெள்ளை மணி. பார்க்காமல் ஒன்றை எடுத்து, நிறத்தைக் குறித்து, திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். இப்படி ஆறு முறை. நான்கு சிவப்பு, இரண்டு வெள்ளை வந்தால் பையையும் நான்குக்கு இரண்டாக மாற்ற வேண்டும். அது அடுத்த தலைமுறை. பத்துத் தலைமுறைக்குள் பெரும்பாலான குழுக்களின் பையில் ஒரே நிறம்தான் மிஞ்சும். சில பைகள் முழுச் சிவப்பு, சில முழு வெள்ளை. எந்த நிறமும் மற்றதைவிட உயர்ந்ததில்லை, ஆனாலும் ஒன்று காணாமல் போனது. ஒரு குழுவுக்கு மட்டும் முப்பது மணி கொடுங்கள். அங்கே பெரும்பாலும் இரண்டு நிறமும் தங்கும். கூட்டம் சிறியதாக இருந்தால் தற்செயலின் கை ஓங்கும் என்பதை நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை.

இதை நிஜ உயிர்களில் செய்தவர் பீட்டர் பூரி. 1956-ல் வெளியான ஆய்வு அது. 107 பழ ஈக் கூட்டங்கள், ஒவ்வொன்றிலும் தலைமுறைக்குப் பதினாறே ஈக்கள், கண் நிறத்துக்கான ஒரு மரபணுவின் இரண்டு வடிவங்கள் (அல்லீல்கள்) பாதிக்குப் பாதி. 19 தலைமுறைக்குப் பின் 30 கூட்டங்களில் ஓர் அல்லீல் அடியோடு மறைந்திருந்தது, 28 கூட்டங்களில் அதே அல்லீல் மட்டுமே இருந்தது. பிள்ளைகளின் பைக் கணக்குக்குப் பக்கத்தில் இந்த எண்களை எழுதிவையுங்கள்.

மனிதர்களிலும் உண்டு. மைக்ரோனேசியாவின் பிங்கெலாப் தீவை 1775 வாக்கில் புயல் அழித்தபோது இருபது பேர் அளவில்தான் மிஞ்சினார்கள். பிழைத்தவர்களில் ஒருவரிடம் முழு நிறக்குருட்டுக்கான மரபணு இருந்தது. வேறெங்கும் மிக அரிதான அந்தக் குறை, அங்கே நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரிடம் இருக்கிறது.

மரபணு ஓட்டத்துக்கு, அதாவது ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மரபணு போவதற்கு, பத்து நிமிடம் போதும். அதே பைகளோடு, ஒவ்வொரு தலைமுறை முடிவிலும் பக்கத்துக் குழுவோடு ஒரு மணியை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். தொலைந்த நிறம் திரும்பி வரும்.

ஐந்தாம் படி: எல்லாம் சேர்ந்த ஒரு நிஜ வழக்கு

இரத்தச் சிவப்பணுவை அரிவாள்போல வளைக்கும் அரிவாள் செல் மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதி இருந்தால் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு, இரண்டும் இருந்தால் நோய். இந்தியாவில் இதை முதலில் கண்டறிந்தது நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952-ல். உயிரைப் பறிக்கும் மரபணு ஏன் மறையவில்லை, மலேரியா இல்லாத ஊருக்குக் குடிபெயர்ந்தால் அதன் விகிதம் என்னவாகும் என்று குழுவாகப் பேசட்டும். வகுப்பில் இந்த நோயுள்ள குடும்பத்துப் பிள்ளை இருக்கலாம், பேச்சில் கவனம் வேண்டும்.

"அப்போ மனுஷன் குரங்கிலிருந்து வந்தானா?" என்ற கேள்வி எந்தப் படியிலும் வரலாம். தள்ளிப்போடாமல் பதில் சொல்லுங்கள்: இன்றைய குரங்கு எதிலிருந்தும் நாம் வரவில்லை, நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை சுமார் அறுபது, எழுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது, இரண்டு கிளைகளும் அப்புறம் தனித்தனியே மாறின.

கடைசியாக, முதல் நாள் தாள்களைக் கலைத்துக் கொடுங்கள். யாரோ எழுதிய கொசுப் பதிலை ஒவ்வொருவரும் திருத்தி எழுத வேண்டும். திருத்திய பதிலில் மூன்றைத் தேடுங்கள்: மருந்துக்கு முன்பே எதிர்ப்புள்ள கொசு சில இருந்தன என்பது, மற்றவை செத்தன என்பது, பிழைத்தவற்றின் குஞ்சுகளுக்கு அந்தப் பண்பு போனது என்பது. நடுவில் உள்ளதை எல்லாரும் எழுதிவிடுவார்கள். முதலாவது விடுபட்டிருந்தால் வெல்வெட் துணிப் படத்தை மறுபடி வரையுங்கள், மூன்றாவது விடுபட்டிருந்தால் கண்ணை மூடிக் கருவி எடுத்த சுற்றை இன்னொரு தடவை ஆட விடுங்கள்.