பழைய அரசியல் பெயர்களைப் படிக்கும்போது

மண்டபம் பக்கம் வரலாறு நடத்துகிறேன். 1907-இல் சூரத்தில் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்த பாடம் வந்தால் யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "டீச்சர், வ.உ.சி. தீவிரவாதியா?" அந்தச் சொல்லைக் கேட்டதுமே பிள்ளைகளுக்கு டிவியில் பார்த்த குண்டுவெடிப்புதான் ஞாபகம் வருகிறது. நியாயமான கேள்வி, தட்டிவிடக் கூடாது.

பெயருக்குப் பக்கத்தில் முதலில் ஆண்டை எழுதச் சொல்வேன். பிறகு, எதிரே நின்றது யார் என்று பார்க்க வேண்டும். 1907-இல் தீவிரவாதிக்கு எதிரே நின்றவர் மிதவாதி. இருவருமே காங்கிரஸ்காரர்கள். வெள்ளைக்காரனிடம் மனுக் கொடுத்துக் கேட்பதா, அந்நியத் துணியை ஒதுக்கிப் போராடுவதா என்பதுதான் சண்டை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சி. தீவிரவாதிகள் பக்கம் நின்றார். இன்று அதே சொல்லுக்கு எதிரே போலீசும் ராணுவமும் நிற்கின்றன.

சொன்னது யார் வாய் என்பதையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் கடற்கரையில் 'இயக்கம்' என்ற ஒரு சொல்லே போதும். பழைய கட்சிக்காரர் "நான் இயக்கத்துக்காரன்" என்றால் அது திராவிட இயக்கம். மண்டபம் அகதிகள் முகாமில், இலங்கையின் மன்னாரிலிருந்து வந்த அம்மா ஒருவர் "அவன் இயக்கத்துக்குப் போயிட்டான்" என்றால் ஆயுதம் தூக்கப் போன பிள்ளை. 1983-க்குப் பிறகு இங்கே அவர்களைப் போராளிகள் என்று வாய்விட்டுச் சொன்னார்கள். 1991-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டு, அடுத்த ஆண்டு புலிகளுக்குத் தடை வந்த பிறகு, அதைச் சொல்லவே பயந்தார்கள். பெரியவர்களிடம் பேட்டி எடுக்கப் போகும் பிள்ளைகளிடம் இதில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன்: அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுது, உன் சொல்லைப் போட்டுத் திருத்தாதே.

ஊரும் பார்க்க வேண்டும். பார்வர்ட் பிளாக்கை 1939-இல் சுபாஷ் சந்திர போஸ் காங்கிரசுக்குள் ஓர் அணியாகத்தான் தொடங்கினார். பின்னாளில் மேற்கு வங்கத்தில் அது மார்க்சிஸ்டுகளோடு சேர்ந்து ஆண்ட இடதுசாரிக் கட்சி. கமுதி, முதுகுளத்தூரில் அந்தப் பெயரைச் சொன்னால் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர்தான் நினைவுக்கு வருவார், இடதுசாரி என்று யாருக்கும் தோன்றாது. கல்கத்தாக் கணக்கை இங்கே போட்டால் விடை தப்பும்.

'திராவிடர்' தனிப் பாடமாகவே நடத்த வேண்டியது. 'பஞ்ச திராவிடர்' என்று ஒரு காலத்தில் சொன்னது பிராமணப் பிரிவுகளை. 1944-இல் சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியபோது அது பிராமணர் அல்லாதாரின் பெயர்.

வீட்டுத் தாத்தா, அப்பத்தாவிடம் "எந்தக் கட்சி?" என்று மட்டும் கேட்டால் "காங்கிரஸ்தான்" என்று முடித்துவிடுவார்கள். எந்தக் காங்கிரஸ்? சின்னத்தைக் கேளுங்கள். இரட்டைக் காளை என்றால் 1969 பிளவுக்கு முந்தி. ராட்டை சுற்றும் பெண் என்றால் காமராஜர் பக்கம் நின்ற ஸ்தாபன காங்கிரஸ். பசுவும் கன்றும் என்றால் எழுபதுகளின் இந்திரா காங்கிரஸ். கை அதற்கும் பிந்தியது. சின்னம் ஞாபகம் வந்துவிட்டால் யாரோடு போய் ஓட்டுப் போட்டார்கள், யாரோடு சண்டை போட்டார்கள் எல்லாம் கூடவே வரும். அதற்குள் நோட்டை மூடிவிடாதீர்கள்.